மனித லைசோசைம் ஆன்டிபாடி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற சின்ன லேப்ல வெச்சு நம்பற மாதிரி ரிசல்ட் எடுக்கிறது எப்படி

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்டிக்கோ எச்சில்ல, கண்ணீர்ல, தாய்ப்பால்ல லைசோசைம் (பாக்டீரியாவ கொல்லற ஒரு என்சைம்) இருக்கானு ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட புரோட்டீன தேடிப் பிடிச்சு ஒட்டறது) வெச்சு பாக்கப் போறீங்கன்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க. பாட்டில் வந்தப்புறம் படிச்சா பாதி விஷயம் கை மீறிப் போயிருக்கும். 100 மைக்ரோலிட்டர் பல ஆயிரம் ரூபாய், அத வாங்கறதுக்கு ஒரு டிபார்ட்மென்ட் எவ்வளவு பேப்பர் நகர்த்தணும்னு நம்ம ஊர்ல படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நான் சொல்லப் போறது அடிப்படையில ஒண்ணே ஒண்ணு தான். 14, 15 கிலோடால்டன் (புரோட்டீன் எடைய சொல்ற அலகு) கிட்ட ஒரு பேண்ட் (மெம்பரேன்ல தெரியற கோடு) வந்திருச்சுன்னா அது லைசோசைம் ஆயிடாது. அது லைசோசைம் தான்னு நீங்க காட்டணும், ஆன்டிபாடி கம்பெனி காட்டின படம் உங்க லேப்புக்கு சாட்சி இல்ல. அத காட்டறதுக்கு பெரிய செலவு ஒண்ணும் இல்ல, பாதி சாமான் மளிகைக் கடையிலயே கிடைக்கும்.

மொதல்ல என்சைம தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா பின்னாடி வர்ற எல்லா சிக்கலும் அதோட குணத்துல இருந்து தான் வருது. பெனிசிலின் கண்டுபிடிச்ச அதே அலெக்சாண்டர் ஃப்ளெமிங் தான் அதுக்கு முன்னாடியே 1922ல லைசோசைம் பத்தி பேப்பர் போட்டாரு. பாக்டீரியாவோட செல் சுவர்ல பெப்டிடோகிளைக்கான்ல ரெண்டு சர்க்கரை மாறி மாறி கோர்த்திருக்கும், அந்த பீட்டா 1,4 இணைப்ப இது வெட்டும், சுவர் போனா பாக்டீரியா வெடிச்சிரும். மனுசங்கள்ல இதோட ஜீன் 12வது குரோமோசோம்ல இருக்கு, செல் செய்யறப்ப 148 அமினோ ஆசிட், அதுல முன்னாடி இருக்கிற 18 சிக்னல் பெப்டைடா வெட்டுப்பட்டு 130 மிச்சம், எடை சுமாரா 14.7 கிலோடால்டன். உள்ள நாலு டைசல்ஃபைடு பாண்டு (மடிப்ப பிடிச்சு வெக்கிற கந்தக இணைப்பு). ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் (மொத்த சார்ஜ் ஜீரோ ஆகற பிஹெச்) 10க்கும் மேல, அதாவது நாம பயன்படுத்தற பஃபர்ல எல்லாம் இது பாசிட்டிவ் சார்ஜோட திரியும். சின்ன சைஸ், அதிக பாசிட்டிவ் சார்ஜ், இது ரெண்டோட மூணாவதா ஒண்ணு சொந்தக்காரங்க நெறைய. கோழி முட்டை வெள்ளைக்கருல இருக்கிற லைசோசைம் 129 அமினோ ஆசிட், மனுசனோடதோட 60 சதவீதம் கிட்ட ஒத்துப் போகும். பால்ல இருக்கிற ஆல்ஃபா லாக்டால்புமினும் இதே குடும்பம் தான், சைஸும் 14 கிலோடால்டன் தான். இத மனசுல வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப இது வரும்.

ஆர்டர் போடறப்ப டேட்டாஷீட்ல பாக்க வேண்டியது. எந்த மிருகத்துல செஞ்சது, மோனோகுளோனலா (எல்லாமே ஒரே ஆன்டிபாடி) பாலிகுளோனலா (பல ஆன்டிபாடி கலவை), இம்யூனோஜென் (ஆன்டிபாடி உண்டாக மிருகத்துக்கு குத்தினது) எது, முழு புரோட்டீனா இல்ல சின்ன பெப்டைடானு பாருங்க. முழு புரோட்டீன் குத்தி எடுத்த பாலிகுளோனல் சிக்னல் நல்லா தரும், ஆனா முட்டை லைசோசைம், லாக்டால்புமின் மாதிரி சொந்தக்காரங்கள பிடிக்கிற வாய்ப்பும் அதுக்குத் தான் அதிகம். ரீகாம்பினன்ட் (ஜீன வெச்சு லேப்ல செஞ்ச) மோனோகுளோனல்னா லாட்டுக்கு லாட்டு மாறாது, ரெண்டு மூணு வருசம் ஓடற பிஎச்டிக்கு நான் கண்ண மூடிட்டு அதத் தான் சொல்லுவேன். அப்புறம் அது எதுக்கு டெஸ்ட் பண்ணது, வெஸ்டர்ன் பிளாட்டா (ஜெல்ல எடை வாரியா பிரிச்சு மெம்பரேனுக்கு மாத்திப் பாக்கறது), திசு ஸ்டெய்னிங்கா, எலைசாவா (பிளேட்ல கலர வெச்சு அளவு பாக்கறது)? சில ஆன்டிபாடி மடிஞ்ச நிலையில இருக்கிற புரோட்டீன மட்டும் தான் அடையாளம் பிடிக்கும், நாலு டைசல்ஃபைடையும் டிடிடி போட்டு ஒடச்சிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. "ஹ்யூமன்"னு போட்டிருக்கிறது மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, மாடு, கோழி பிடிக்குமா பிடிக்காதானு எழுதியிருக்கானு தேடுங்க, எழுதலன்னா டெஸ்ட் பண்ணலன்னு தான் அர்த்தம்.

டெலிவரி விஷயம் நம்ம மாவட்டத்துக்குன்னே தனியா சொல்லணும். பெரும்பாலும் சரக்கு பெங்களூர்ல இருந்தோ சென்னைல இருந்தோ வரும். கிருஷ்ணகிரிக்கு பெங்களூர் 90 கிலோமீட்டர் தான், ஆனா கொரியர் ஆபீஸ்ல சனிக்கிழமை சாயங்காலம் வந்து எறங்கினா திங்கக்கிழமை காலைல தான் உங்க கைக்கு வரும், ஜெல் பேக் அதுக்குள்ள தண்ணியாயிடும். அதனால திங்கள் இல்ல செவ்வாய் டிஸ்பேட்ச் பண்ணச் சொல்லி எழுத்துல கேளுங்க, பொங்கல் தீபாவளி வாரத்துல ஆர்டரே வேண்டாம், பார்சல் பிரிக்கிறப்ப ஜெல் பேக் கெட்டியா இருக்கா, வெதுவெதுப்பா இருக்கானு போட்டோ எடுத்து அன்னைக்கே சப்ளையருக்கு மெயில் போடுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வெயில்ல இருந்ததுனால பல ஆன்டிபாடி செத்துப் போறதில்ல, தூக்கிப் போட்டுடாதீங்க, கீழ சொல்ற டாட் பிளாட்ல போட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க.

வந்த அன்னைக்கே 5, 10 மைக்ரோலிட்டரா பிரிச்சு சின்ன டியூப்ல போட்டு மைனஸ் 20ல வெச்சிடுங்க. வீட்டுக்கு வாங்கற மாதிரி ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வேண்டாம், அது தானா சூடாகி பனிய கரைக்கும், ஆன்டிபாடி உள்ளேயே உருகி உறைஞ்சு உருகி உறைஞ்சு போயிடும். பஃபர்ல 50 சதவீதம் கிளிசரால் இருந்தா மைனஸ் 20ல உறையாது, அத பிரிக்கக் கூட தேவையில்ல. கரண்ட் கட் ஆகற எடத்துல ஃப்ரீசருக்குள்ளயே ஒரு தெர்மாகோல் டப்பா, அதுக்குள்ள நாலஞ்சு ஜெல் பேக், நடுவுல டியூப் ரேக், கதவ தொறக்காம இருந்தா பல மணி நேரம் தாங்கும். டியூப் மேல லாட் நம்பர், தேதி எழுத மறக்காதீங்க.

பிரிசர்வேட்டிவா சோடியம் அசைடு இருக்கும், அது எச்ஆர்பிங்கிற, சிக்னல் உண்டாக்கற என்சைம முடக்கிடும். ப்ரைமரில (லைசோசைம பிடிக்கிற ஆன்டிபாடி) இருக்கிற கொஞ்சூண்டு அசைடு டைலூட் ஆகி வாஷ்ல போயிடும், பரவால்ல, ஆனா எச்ஆர்பி ஒட்டின செகண்டரி ஆன்டிபாடிக்கு (ப்ரைமரிய பிடிக்கிறது) கெடாம இருக்கட்டும்னு நீங்களா அசைடு போட்டீங்கன்னா சிக்னல் காலி.

தண்ணி. தர்மபுரி நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு பிரச்சனைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்துச்சு, அதெல்லாம் குடிக்கிறதுக்கு. லேப்ல நமக்கு தலைவலி போர் தண்ணியோட உப்பும் கால்சியமும். பாஸ்பேட் பஃபர் அதுல கலக்கினா கால்சியம் பாஸ்பேட் வெள்ளையா படிஞ்சு மெம்பரேன் பூரா திட்டுத் திட்டா வரும். பேட்டரிக்கு ஊத்துற டிஎம் வாட்டர் கேன நம்பி பஃபர் போடாதீங்க, டபுள் டிஸ்டில்டு தண்ணி உங்க டிபார்ட்மென்ட்ல இல்லன்னா பக்கத்து கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல கேட்டு வாங்குங்க, யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

இப்ப முக்கியமான வேலை, டாட் பிளாட். இதுக்கு ஜெல் வேண்டாம், டிரான்ஸ்ஃபர் வேண்டாம், அரை நாள் போதும், ஆனா ஆன்டிபாடியோட ஜாதகமே இதுல தெரிஞ்சிடும். நைட்ரோசெல்லுலோஸ் மெம்பரேன சின்ன பட்டையா வெட்டுங்க, பென்சில்ல புள்ளி வெச்சு ஒவ்வொண்ணுலயும் 2 மைக்ரோலிட்டர் சொட்டு விடுங்க. ஒரு சொட்டு சுத்தமான ரீகாம்பினன்ட் மனித லைசோசைம், 50 நானோகிராம், அப்புறம் 10, அப்புறம் 2. ஒரு சொட்டு எச்சில். ஒரு சொட்டு பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருக்கிற அல்புமின்), இது நெகட்டிவ். அடுத்தது முட்டை வெள்ளைக்கரு. நாமக்கல் நமக்கு பக்கம், முட்டைக்கு பஞ்சமில்ல, வெள்ளைக்கரு புரோட்டீன்ல 3.4 சதவீதம் கிட்ட லைசோசைம் தான், பிபிஎஸ்ல (உப்பு சேத்த பாஸ்பேட் பஃபர்) 100 மடங்கு கலக்கினா ஒரு சொட்டுல ஏறக்குறைய 70 நானோகிராம் வந்துடும், ரீகாம்பினன்ட் சொட்டோட ஒப்பிட்டுப் பாக்க சரியான அளவு. கடைசியா பசும்பால் 100 மடங்கு டைலூட் பண்ணி ஒரு சொட்டு, லாக்டால்புமின பிடிக்குதானு பாக்க. இந்த பட்டை மாதிரி நாலு செஞ்சு ப்ரைமரிய 1:500, 1:1000, 1:2000, 1:5000னு நாலு டைலூஷன்ல போடுங்க. அஞ்சாவது பட்டை ஒண்ணு ப்ரைமரியே இல்லாம, செகண்டரி மட்டும். இந்த அஞ்சாவது பட்டைய விட்டுடாதீங்க, எச்சில்ல மனுசனோட சொந்த ஆன்டிபாடி ஐஜிஏ, ஐஜிஜி எல்லாம் இருக்கு, சில செகண்டரி நேரா அதுங்க மேலயே போய் ஒட்டும், எச்சில் சொட்டு அஞ்சாவது பட்டையிலயும் தெரிஞ்சா லைசோசைம் கதையே இல்ல அது. அப்படி வந்தா ஹ்யூமன் இம்யூனோகுளோபுலினுக்கு (மனுசனோட ஆன்டிபாடி) கிராஸ் அட்சார்ப் பண்ண, அதாவது அதுல ஒட்டறத முன்னாடியே நீக்கின செகண்டரி வாங்கணும்.

ரீகாம்பினன்ட் சொட்டு அளவுக்கு தகுந்த மாதிரி கொறஞ்சுகிட்டே போகணும், பிஎஸ்ஏ சுத்தமா இருக்கணும், முட்டையும் பாலும் சுத்தமா இருந்தா சந்தோசம். முட்டை பிடிச்சா ஆன்டிபாடிய தூக்கிப் போட வேண்டாம், ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருக்கணும்: ஈ.கோலைல மனித லைசோசைம் எக்ஸ்பிரஸ் பண்ணி அந்த செல்ல ஒடைக்க லேப்ல எல்லாரும் போடறது முட்டை லைசோசைம் தான், அது 14.3 கிலோடால்டன், உங்களோடது 14.7, ஜெல்ல ரெண்டும் ஒரே எடம். உங்க பேண்ட் நீங்களே ஊத்தினதா இருக்கும். அந்த மாதிரி வேலைக்கு சோனிகேஷன் (ஒலி அலையால செல்ல ஒடைக்கிறது) மட்டும் வெச்சுக்கோங்க.

எச்சில் சாம்பிள் எடுக்கிறதுக்கு முன்னாடி எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கணும், கூடப் படிக்கிற ஃப்ரெண்டோட எச்சில்னாலும் வாங்கணும், ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டுதல்ல இதெல்லாம் தெளிவா இருக்கு. சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கட்டும், கையெழுத்து போடறவங்க படிச்சுப் புரிஞ்சு போடணும். எடுக்கிறப்ப ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பிடாம, வாய் கொப்பளிச்சிட்டு, துப்பாம தானா வழியற மாதிரி டியூப்ல விடச் சொல்லுங்க, ஐஸ்ல வெச்சு 10,000 ஜியில 10 நிமிசம் சுத்தி மேல இருக்கிற தெளிவ எடுத்து ப்ரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போடுங்க. கண்ணீர்ல லைசோசைம் மில்லிக்கு சுமாரா 1, 2 மில்லிகிராம்னு ரொம்ப அதிகம், எச்சில்ல அத விட பல மடங்கு கம்மி, அதனால ரெண்டையும் ஒரே அளவு லோடு பண்ணிட்டு ஒப்பிடாதீங்க.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு வருவோம். 15 சதவீத ஜெல், இல்ல 4ல இருந்து 20 கிரேடியன்ட். எச்சில்னா 10, 20 மைக்ரோகிராம் மொத்த புரோட்டீன், பக்கத்து லேன்ல ரீகாம்பினன்ட் 20 நானோகிராம். பாசிட்டிவ் செல் லைசேட் (செல்ல ஒடச்சு எடுத்த சாறு) கிடைச்சா டிஎச்பி 1, யு 937, எச்எல் 60 மாதிரி மோனோசைட், மைலாய்டு வகை செல் நல்லது. நெகட்டிவுக்கு லைசோசைம் செய்யாத ஒரு செல்லோட லைசேட் கட்டாயம். 95 டிகிரில 5 நிமிசம் டிடிடியோட கொதிக்க வைங்க. மார்க்கர்ல (எடை தெரிஞ்ச புரோட்டீன் கலவை) 10ம் 15ம் தெளிவா இருக்கணும், 25க்கு கீழ ஒண்ணும் காட்டாத மார்க்கர வெச்சு இந்த வேலை செய்யவே முடியாது. டை ஃப்ரன்ட் ஜெல்ல விட்டு வெளிய ஓடிடாம நிறுத்துங்க.

டிரான்ஸ்ஃபர் தான் பல பேருக்கு கை விடற எடம். 0.45 மைக்ரான் மெம்பரேன் வேண்டாம், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் மெம்பரேன் வாங்குங்க, இவ்வளவு சின்ன புரோட்டீன் பெரிய ஓட்டையில சல்லடையில போன மாவு மாதிரி அந்தப் பக்கம் போயிடும். 20 சதவீதம் மெத்தனால், 100 வோல்ட், ஐஸ் போட்டு 45 நிமிசம் ஒரு மணி நேரம் போதும், ராத்திரி பூரா ஓட விடற பழக்கம் பெரிய புரோட்டீனுக்கு சரி, இதுக்கு இல்ல. முதல் தடவை மட்டும் ஒரு மெம்பரேனுக்கு பின்னாடி இன்னொண்ணு வைங்க, ரெண்டாவதுல புரோட்டீன் வந்திருந்தா நேரம் அதிகம்னு அர்த்தம். இன்னொரு விஷயம், எஸ்டிஎஸ் (நெகட்டிவ் சார்ஜ் கொடுக்கிற சோப்பு மாதிரி கெமிக்கல்) புரோட்டீன் மேல ஒட்டியிருக்கிற வரைக்கும் தான் அது பாசிட்டிவ் பக்கம் ஓடும், மெத்தனால் எஸ்டிஎஸ்ஸ கழட்டி விட்டா லைசோசைம் தன்னோட சொந்த பாசிட்டிவ் சார்ஜ்ல நிக்கும், இல்ல எதிர்ப் பக்கம் திரும்பும். சிக்னலே வரலன்னா ஜெல்லுக்கு அந்தப் பக்கமும் ஒரு மெம்பரேன் வெச்சுப் பாருங்க, பிஹெச் 11 கேப்ஸ் பஃபர்ல மாத்திப் பாருங்க. முடிச்சதும் பான்சோ (புரோட்டீன சிவப்பா காட்டற சாயம்) போட்டு லேன் எல்லாம் தெரியுதானு பாத்து போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

பிளாக் பண்றதுக்கு (மெம்பரேன்ல காலியா இருக்கிற எடத்த மூடறதுக்கு) 5 சதவீத பால் பவுடர்னு எல்லா புரோட்டோகால்லயும் இருக்கும். டீ போடற பவுடர் வேண்டாம், அதுல சர்க்கரையும் கொழுப்பும் இருக்கு, கொழுப்பு நீக்கின ஸ்கிம்டு மில்க் பவுடர் தான். ஆனா இந்த ஆன்டிபாடிக்கு நான் 3 சதவீத பிஎஸ்ஏ தான் சொல்லுவேன், காரணம் மேலயே சொன்ன லாக்டால்புமின், உங்க ஆன்டிபாடி அத கொஞ்சம் பிடிச்சாலும் மெம்பரேன் பூரா கருத்துப் போயிடும். ஒரு மணி நேரம் பிளாக், ப்ரைமரி 4 டிகிரில ராத்திரி பூரா. டேட்டாஷீட்ல ரூம் டெம்பரேச்சர்னு போட்டிருந்தா அது 20, 25 டிகிரி, ஏப்ரல் மே மாசத்துல ஏசி இல்லாத நம்ம லேப் பெஞ்ச் இல்ல, அதனால ஃப்ரிட்ஜ்லயே பண்ணுங்க. 0.1 சதவீத ட்வீன் (சோப்பு மாதிரி ஒண்ணு) போட்ட டிபிஎஸ் பஃபர்ல பத்து பத்து நிமிசமா மூணு வாஷ், செகண்டரி 1:5000ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம், திரும்ப மூணு வாஷ். கெமி டாக் (வெளிச்ச சிக்னல படம் எடுக்கிற மெஷின்) இல்லாத காலேஜ்ல டிஏபி (எச்ஆர்பி பட்டா பழுப்பாகற கெமிக்கல்) போட்டு பழுப்புக் கலர்லயே பாக்கலாம், சென்சிட்டிவிட்டி கம்மி ஆனா லைசோசைம் எச்சில்ல நல்லாவே இருக்கிறதால தெரியும். டிஏபி தொடறப்ப கிளவுஸ் கட்டாயம். மெம்பரேன் மேல குனிஞ்சு பேசாதீங்க, மாஸ்க் போட்டுக்கோங்க, நீங்க தேடற புரோட்டீனே உங்க எச்சில்ல இருக்கு, தும்மினா அந்த எடத்துல புள்ளி வரும்.

பேண்ட் வந்தப்புறம் பாருங்க. 15க்கு பக்கத்துல ஒரே கோடு, ரீகாம்பினன்ட் லேனோட சமமா, நெகட்டிவ் லேன்ல காலி, இது நல்லது. 25லயும் 50லயும் வந்தா பெரும்பாலும் எச்சில்ல இருக்கிற இம்யூனோகுளோபுலினோட லைட் செயினும் ஹெவி செயினும், செகண்டரி மட்டும் போட்ட பட்டையோட ஒப்பிடுங்க. இன்னும் சந்தேகம்னா ப்ரைமரிய அஞ்சு பத்து மடங்கு அதிகமான ரீகாம்பினன்ட் லைசோசைமோட கலந்து ஒரு மணி நேரம் வெச்சிட்டு போடுங்க, பேண்ட் மறையணும். ஆனா மறைஞ்சதுனால அந்த பேண்ட் லைசோசைம்னு நிரூபணம் ஆயிடல, அந்த ஆன்டிபாடியோட கை லைசோசைமால அடைபட்டுச்சுன்னு தான் அர்த்தம், சொந்தக்காரன் பேண்டா இருந்தாலும் இதே மாதிரி மறையும். ரொம்ப பலமான சாட்சி ஜீன எடுத்துட்ட நாக்அவுட் செல் லைசேட் தான், பெரிய இன்ஸ்டிட்யூட் யாராவது கொஞ்சம் கொடுத்தா கேட்டு வாங்குங்க.

எலைசா பண்றவங்க சாம்பிள கண்ணாடில இல்ல, லோ பைண்டிங் டியூப்ல வைங்க, லைசோசைம் நெகட்டிவ் சார்ஜ் எங்க பாத்தாலும் ஒட்டிக்கும். எச்சில ரெண்டு ரெண்டு மடங்கா டைலூட் பண்ணி திரும்பப் பெருக்கினா ஒரே நம்பர் வரணும், வரலன்னா எச்சில்ல கொழகொழப்பா இருக்கிற மியூசின் ஏதோ தொந்தரவு பண்ணுது, இன்னும் டைலூட் பண்ணுங்க.

திசு ஸ்டெய்னிங்க்கு ரொம்ப நீட்டல. கன்ட்ரோலுக்கு சின்ன குடல் பிளாக், கிரிப்ட் (குடல் சுவர்ல இருக்கிற சின்னக் குழி) அடியில இருக்கிற பனேத் செல் அடர் பழுப்பா வரணும், மேக்ரோஃபேஜும் வரும், அது வரலன்னா மத்த ஸ்லைட பாக்கவே வேண்டாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு திசுவோட சொந்த பெராக்சிடேஸ முடக்கறத விட்டா சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும் தானாவே பழுப்பாகும். ஆன்டிஜென் ரிட்ரீவல் (பதப்படுத்தின திசுவுல மறைஞ்ச புரோட்டீன ஆன்டிபாடிக்கு தெரிய வெக்கிறது) சில ஆன்டிபாடிக்கு சிட்ரேட் பிஹெச் 6, சிலதுக்கு பிஹெச் 9, சிலதுக்கு புரோட்டினேஸ் கே, மூணையும் ஒரு தடவை ஒப்பிட்டுட்டு ஒண்ணுல நில்லுங்க. பாட்டில்ல ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டிருந்தா அத வெச்சு நோயாளிக்கு ரிப்போர்ட் எழுதக் கூடாது, லுக்கேமியால மோனோசைட் வகையானு பாக்க லைசோசைம் உதவும்ங்கிறது உண்மை தான், ஆனா அதுக்கு நோய் கண்டறியறதுக்குன்னு அனுமதி வாங்கின ஆன்டிபாடியும் பத்தாலஜிஸ்ட்டும் வேணும்.

ஆன்டிபாடி புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு தான் சொல்லும், அது வேலை செய்யுதானு சொல்லாது. பாக்டீரியாவ கொல்லற சக்தி பத்தி உங்க தீசிஸ்ல ஒரு வரி எழுதப் போறீங்கன்னா மைக்ரோகாக்கஸ் டர்பிடிட்டி டெஸ்ட்டும் சேத்துப் பண்ணுங்க, காய்ஞ்ச செல் பவுடர பாஸ்பேட் பஃபர்ல கலக்கி 450 நானோமீட்டர்ல கலங்கல் எவ்வளவு வேகமா தெளியுதுன்னு பாக்கறது, சாதாரண ஸ்பெக்ட்ரோ போதும். பிஹெச் 6.24, 25 டிகிரில நிமிசத்துக்கு 0.001 கொறஞ்சா 1 யூனிட்.

எழுதறப்ப ஆன்டிபாடியோட கேட்டலாக் நம்பர், குளோன் பேரு, லாட் நம்பர், டைலூஷன், பிளாக்கிங், மெம்பரேன் ஓட்டை சைஸ் எல்லாத்தையும் எழுதுங்க. வெட்டாத முழு பிளாட் படத்த மார்க்கரோட சேத்து பின்னிணைப்புல போடுங்க, டாட் பிளாட்ல முட்டை சொட்டு என்ன காட்டுச்சுங்கிறதையும் சேத்து. புது லாட் வந்தா பழைய டியூப் ஒண்ணு மிச்சம் இருக்கிறப்பவே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒரே மெம்பரேன்ல ஓட்டிப் பாத்துட்டு தான் புதுச தொடணும்.